கல்லாவில் கிடைத்த இரட்டை எழுத்து நாணயம்

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். இரவில் சில்லறையைப் பிரித்து அடுக்கும்போது, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் மூன்று நாணயங்களைத் தனியே எடுத்து வைத்தான். ஒன்று, 2014ஆம் ஆண்டு இரண்டு ரூபாய். அதில் ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அடுத்தது, 1998ஆம் ஆண்டு ஒரு ரூபாய். சிங்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு திருப்பினால் மறுபக்கம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. மூன்றாவது பத்து ரூபாய். அதில் ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. ஒரு காணொளியில் இருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினோம். மூன்றுக்கும் சேர்த்து நான்கு லட்சம் தருகிறோம், இரட்டை எழுத்துக்கு மட்டுமே மூன்று லட்சம் என்கிறார்கள். முதலில் பதிவுக் கட்டணமாக 2,150 ரூபாய் கட்ட வேண்டுமாம். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமும் வந்திருக்கிறது. கட்டலாமா ஐயா? இவற்றுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?
(பெட்டிக்கடை நடத்தும் வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

அன்புச் சகோதரிக்கு,

கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வங்கிக் கணக்கு எண், ஆதார் நகல், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எதையும் கொடுக்க வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இதை முடித்துவிடுங்கள். பழைய நாணயம், நோட்டு விற்பனைக்குத் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்திருக்கிறது. இந்த வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னது. உங்களுக்கு வந்த முத்திரைக் கடிதம் போலி. ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வழி உண்டு.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் இப்படியே மூன்று தவணையாகப் பணம் கட்டிவிட்டு, நான்காவது தவணைக்காகக் கையில் இருந்த நாணயத்தை விற்க வந்தார். அது சாதாரண ஐந்து ரூபாய். அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாணயம் வாங்குகிறவன் பணம் கொடுப்பான், கேட்கமாட்டான். எங்கள் தொழிலில் இதற்கு விலக்கே கிடையாது.

இனி நாணயங்களுக்கு வருகிறேன். படங்களை உங்கள் மகன் நன்றாக எடுத்திருக்கிறான், அருகிலிருந்தும் எடுத்திருக்கிறான். அவற்றை வைத்தே உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவர்கள் மூன்று லட்சம் என்ற இரண்டு ரூபாயின் மதிப்பு இரண்டு ரூபாய்தான். யாரும் பெரிதாகப் பேசாத அந்த 1998 ஒரு ரூபாய்தான் உண்மையான பிழை நாணயம். பத்து ரூபாயில் பிழையே இல்லை.

ஏன் என்று புரிய வேண்டுமானால் நாணயம் பிறக்கும் விதம் தெரிய வேண்டும். முதலில் ஒரு மூல அச்சு. அதில் சிங்கமும் எழுத்தும் நாணயத்தில் இருப்பது போலவே மேடாக இருக்கும். அதை மென்மையாக்கிய எஃகுத் துண்டில் அழுத்தினால் எழுத்துகள் குழியாகப் பதியும். அந்தக் குழி அச்சைக் கடினப்படுத்தி எந்திரத்தில் பூட்டுகிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவே வெற்று வில்லை வந்து உட்கார, சுற்றிலும் ஒரு வளையம் பிடித்துக்கொள்ள, ஒரே அடி. நிமிடத்துக்குப் பல நூறு அடிகள் விழும். ஒரு ஜோடி அச்சிலிருந்து லட்சக்கணக்கில் நாணயங்கள் வெளிவரும். ஆகவே விசித்திரமாக ஒரு நாணயம் கைக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, இது எங்கே நேர்ந்தது என்பதுதான். அச்சைச் செய்யும்போதா, வில்லையை வெட்டும்போதா, அடி விழும்போதா, அல்லது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகா? கடைசியில் சொன்னதற்கு மதிப்பு இல்லை. மற்ற மூன்றிலும்கூட எல்லாமே மதிப்புள்ளவை அல்ல.

இரட்டை எழுத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கடையில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பைச் செதுக்கியவரே எழுத்தை இரண்டு முறை செதுக்கிவிட்டால், எத்தனை தாளில் குத்தினாலும் அதே இரட்டை எழுத்து அதே இடத்தில் விழும். ஸ்டாம்ப் சரியாக இருந்து, குத்தும்போது கை நழுவினால் அந்தத் தாள் மட்டும் கலங்கும். முதல் வகையை ‘டபுள் டை’ என்கிறோம். சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். இரண்டாவது வகை எந்திர ஆட்டம். எந்திரத்தில் அச்சு சற்றுத் தளர்ந்திருந்தால், அடி விழுந்து மேலெழும்பும் நொடியில் அது லேசாக நகரும். அப்போதுதான் உருவான எழுத்தின் பக்கவாட்டை அது சீவிவிடும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை.

எப்படிக் கண்டேன் என்று சொல்கிறேன், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு தலைக்கு மேலே வேண்டாம், ஒரு பக்கமாகச் சாய்ந்து விழட்டும். நாணயத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே ‘இந்தியா’ என்பதில் வரும் ‘என்’ எழுத்தை மட்டும் பாருங்கள். அந்த எழுத்தின் வலப்புறம் தரையோடு தரையாக ஒரு படிக்கட்டு போலத் தட்டையான விளிம்பு இருக்கும். கண்ணாடி போல மின்னும், உயரமே இராது. எழுத்தின் உச்சியை அளந்தால் அது மற்ற நாணயங்களில் இருப்பதைவிட மெலிந்திருக்கும். காரணம், இரண்டாவது எழுத்து எங்கிருந்தோ கூடுதலாக வரவில்லை. முதல் எழுத்தின் உடம்பிலிருந்து சீவப்பட்டதுதான் அது. உங்கள் படத்தில் ஐந்து எழுத்துகளிலும் அந்தப் படி ஒரே திசையில் விழுந்திருக்கிறது, எழுத்துகள் எல்லாமே ஒல்லியாகிவிட்டன.

உண்மையான டபுள் டை நேர் எதிரானது. எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவங்களும் உருண்டு, மேடாக, தனித்தனி உயரத்தோடு நிற்கும். எழுத்தின் முனைகளில் பாம்பின் நாக்கு போலப் பிளவு தெரியும். மூல அச்சை எஃகில் ஒருமுறை அழுத்தி, உலோகம் இறுகிவிட்டதால் மீண்டும் சூடாக்கி மென்மைப்படுத்தி, இரண்டாம் முறை அழுத்தும்போது இம்மியளவு கோணம் மாறினால் வருவது அது. இரண்டு முறையும் குழி முழு ஆழத்துக்கு விழுவதால்தான் நாணயத்தில் இரண்டும் மேடாகின்றன.

லென்ஸ் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. அது என்னைவிட உங்களுக்கே எளிது, ஏனென்றால் தினமும் நூற்றுக்கணக்கான நாணயங்கள் உங்கள் கையில் புரள்கின்றன. டபுள் டை என்றால் அந்த அச்சில் பிறந்த அத்தனை நாணயங்களுக்கும் அதே மச்சம் இருக்க வேண்டும். அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி உள்ள இன்னொரு காசில் அதே எழுத்தில், அதே திசையில், அதே அளவில் இரட்டிப்பு கிடைத்தால் உடனே எனக்கு எழுதுங்கள். எந்திர ஆட்டத்தில் அது ஒரு நாணயத்தில் அதிகமாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருக்கும், சிலவற்றில் காணாமலே போய்விடும்.

உலகமே அறிந்த டபுள் டை இப்படிச் சில்லறையில் வந்து சேர்ந்ததுதான். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு சென்ட் நாணயத்தின் அச்சு தவறியது. ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிந்தன. தவறைக் கண்டுபிடிப்பதற்குள் அவை நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டன. ஏறத்தாழ 20,000 முதல் 24,000 வரை வெளியே போயின. அப்போது அங்கே சிகரெட் விற்கும் எந்திரத்தில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பெட்டி வரும். மீதி இரண்டு சென்ட் பெட்டியின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். பலருக்கு அந்த நாணயம் முதலில் கிடைத்தது அப்படித்தான். மீதிச் சில்லறையாக வந்தது. அதனால்தான் உங்கள் மகனின் தேடலைத் தவறு என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இரட்டை எழுத்தாகக் கண்ணுக்குப் படும் இன்னொன்றும் உண்டு. அதுதான் நம் நாட்டுக் காசுகளில் மிகுதி. 1992இலிருந்து நம் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நாம் எவர்சில்வர் என்கிறோமே அதில், அடிக்கப்படுகிறது. கடினமான உலோகம், அச்சு சீக்கிரம் தேயும். தேய்ந்த அச்சில் பிறந்த எழுத்துகள் ஊறிய அரிசி போல உப்பி, ஓரம் கலங்கி, நிழல் விழுந்தது போல் இருக்கும். சுற்றியுள்ள தரையும் வழுவழுப்பு இழந்து விளிம்பை நோக்கிக் கோடு கோடாக இழுபட்டிருக்கும். அதுவும் இரட்டை அச்சு அல்ல. அச்சின் முதுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். காணொளிகளில் லட்சம் லட்சமாக விலை சொல்லிக் காட்டுகிறவற்றில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்த வகையும் எந்திர ஆட்டமும்தான்.

இப்போது அந்த ஒரு ரூபாய். நம் நாணயங்களைப் புத்தகத் தாள் போலத் திருப்ப வேண்டும். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரல் நுனிகளால் பிடித்துச் சுழற்றினால், சிங்கம் நேராக இருந்த இடத்தில் மதிப்பு எண்ணும் நேராக வந்து நிற்கும். உங்களுடையதில் ‘1’ என்ற எண்ணும் இருபுறத்துக் கதிர்களும் கடிகாரத்தில் மூன்று மணி முள் போலப் படுத்திருக்கின்றன. ஏறத்தாழ 90 பாகை. எந்திரத்தில் பூட்டிய அச்சு தளர்ந்து, தன் கூட்டுக்குள்ளேயே திரும்பிவிட்டிருக்கிறது. எடுத்துப் பூட்டும் வரை அடித்ததெல்லாம் இப்படித்தான் வந்திருக்கும். சற்றே, பத்துப் பதினைந்து பாகை சாய்ந்திருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. 90, 180 என்றால் சேகரிப்பாளர் கை நீட்டுவார். (அமெரிக்க நாணயம் கிடைத்து இதே சோதனையைச் செய்தால் அது தலைகீழாகத் தெரியும். அங்கே வழக்கமே அப்படி, ஏமாந்துவிடாதீர்கள்.)

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒட்டியும் இப்படி ஒன்றைச் செய்கிறார்கள். விளிம்பின் உட்புறம் லென்ஸை ஓட்டுங்கள், தலைமுடி போல வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது ஒட்டு. தெரிந்த நகைக்கடையில் எடை போடுங்கள். அந்த ஒரு ரூபாய் 4.85 கிராம் இருக்க வேண்டும், புழக்கத்தில் தேய்ந்து சற்றே குறையலாம். விட்டம் 25 மில்லிமீட்டர். இவை சரியாக இருந்தால் அது நல்ல பிழை நாணயம். விலை? முக மதிப்பைப் போலப் பல மடங்கு கொடுக்க ஆள் உண்டு, ஆனால் உங்கள் குடும்பத்தின் கடனை அடைக்கும் தொகை அதில் இல்லை. எவர்சில்வர் ஒரு ரூபாயில் அச்சு திரும்பியவை ஓரளவு கிடைக்கின்றன. நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நான்கு பேரிடம் காட்டி, நான்கு விலையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சான்றிதழ் உறையில் போட்டுத் தரும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பச் சொல்வார்கள். இந்த நாணயத்துக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது.

பத்து ரூபாய் விஷயம் எளிது. ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா. கொல்கத்தா நாணயச்சாலை எந்தக் குறியும் போடுவதில்லை. உங்கள் காசு கொல்கத்தாவில் பிறந்தது, அவ்வளவுதான். வடிவ வேறுபாடும் பிழை அல்ல. பத்துக் கோடு, பதினைந்து கோடு, ரூபாய்ச் சின்னம் உள்ளது, இல்லாதது என்று நம் ஊரில் எத்தனை கடைகளில் பத்து ரூபாயை வாங்க மறுத்தார்கள்! 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. நீங்கள் கடை நடத்துகிறவர், தயங்காமல் வாங்குங்கள், கொடுங்கள். வைஷ்ணவ தேவி உருவம் உள்ள ஐந்து, பத்து ரூபாயும் அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களே.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், உங்கள் மகன் எப்படியும் ஒருநாள் இதில் வந்து நிற்பான். 2011இல் வந்த வரிசையின் இரண்டு ரூபாயும் பழைய எவர்சில்வர் ஒரு ரூபாயும் ஒரே விட்டம், ஒரே எடை. ‘ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அடித்துவிட்டார்கள்’ என்று இதை விற்கிறார்கள். அது திட்டமிட்டே அமைந்த அளவு. காந்தத்திலும் கவனம் வேண்டும். எவர்சில்வர் காசு ஒட்டும், பழைய கனத்த செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் ஒட்டாது. ஆனால் 2007இல் எவர்சில்வரிலும் ஐந்து ரூபாய் வந்தது, அது ஒட்டும். ஒட்டிவிட்டதே என்று பிழையாக எண்ண வேண்டாம். மாறாக ஒட்ட வேண்டிய ஒரு ரூபாய் ஒட்டாமல் போனால் எடுத்து வையுங்கள். அது வேறு உலோக வில்லையில் அடித்ததாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்.

தேடுவதானால் இரட்டை எழுத்தைவிட எனக்குப் பிடித்தது பிறை கடித்த நாணயம். உலோகப் பட்டையில் வில்லை வெட்டும்போது ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் கத்தி ஏறினால், ஓரத்தில் அப்பளத்தைக் கடித்தது போல வளைந்த குறை விழும். இதை அரம் போட்டும் செய்வார்கள். அப்போது கடித்த இடத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். உண்மையானதில் அங்கே விளிம்பு மழுங்கி, மேடு எழாமல் இருக்கும். வில்லையின் ஓரத்தை உருட்டி மேடாக்கும் எந்திரத்தில், குறை உள்ள பக்கம் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்கவில்லை. அரம் போடுகிறவனால் இதைச் செய்ய முடியாது. எனக்கு இந்தத் தொழிலின்மேல் உள்ள பிரியம் இந்த மாதிரி இடங்களில்தான். பொய் சொல்ல வந்தவன் ஒரு பக்கத்தைத்தான் கவனிக்கிறான், உலோகம் எதிர்ப்பக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் அதே சிங்கம் குழியாக, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியும் இருந்தால் பெரிய கண்டெடுப்பு. முன்னால் அடித்த காசு வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டு, அதுவே அடுத்த வில்லைக்கு அச்சாகிவிட்டது என்று பொருள். இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடிக்குள் வைத்து நசுக்கியும் இதைப் போலிசெய்வார்கள். அதில் குழி எழுத்துக்கு அடியில் பழைய எழுத்து நசுங்கிக் கிடப்பது தெரியும். பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றித் திருப்பிப் பொருத்தியதையும் பார்த்திருக்கிறேன், இரு உலோகமும் சேரும் இடத்தில் கீறல் இல்லாமல் அதைச் செய்ய முடிவதில்லை. ரயில் தண்டவாளத்தில் நசுங்கியது, தீயில் கறுத்தது எல்லாம் வெளியே வந்தபின் நேர்ந்தவை.

உருவம் ஓரத்துக்கு நகர்ந்து பாதி வெற்றிடமாக இருக்கும் காசும் மதிப்புள்ளதுதான், ஆனால் எந்திரக் காசாக இருக்க வேண்டும். ராஜராஜன் செப்புக்காசு ஒன்று யாராவது காட்டி, நாகரி எழுத்தில் உள்ள பெயர் பாதி விளிம்புக்கு வெளியே போய்விட்டது, பிழை என்று கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள். கையால் சம்மட்டி கொண்டு அடித்த காலத்தில் அதுவே இயல்பு.

அந்த ஒரு ரூபாயைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். இதை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் கை தானாகவே அங்கே போகும். பளபளப்பு வந்த நாணயத்தை வாங்குகிறவர் தள்ளிவைத்துவிடுவார். அழுக்கு ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தைத் தொட வேண்டாம். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பிசுக்குப் படியும், அட்டை உறை போதும்.

இரண்டு ரூபாயைத் திரும்பக் கல்லாவிலேயே போட்டுவிடலாம். நானாக இருந்தால் போடமாட்டேன். எந்திர ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மகனுக்கு அது ஒரு நல்ல பாடப்பிரதி. அடுத்து, 1998இல் நொய்டாப் புள்ளி உள்ள ஒரு ரூபாய்கள் எவ்வளவு வந்தாலும் எடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காசில் அந்தப் புள்ளிதான் இருக்கிறது. அச்சு திரும்பிய இன்னொன்று கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். சாய்வு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்க்க எனக்கும் ஆவல்.